பொம்மசந்திராவில் நாம் எத்தனை பேர்?

சென்ற திங்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து படியிறங்கும்பொழுது, வயதில் மூத்த அன்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். "தம்பி, நீ ரயில்வேயில் இருக்கிறாய், உன்னைத்தான் கேட்கவேண்டும். பொம்மசந்திராவில் தடுக்கி விழுந்தால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்து ஆட்கள் மேல்தான் விழவேண்டும். பக்கத்திலேயே ஹீலலிகே ஸ்டேஷன் இருக்கிறது. சேலம் போகும் வண்டிகள் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. பல வண்டிகள் நிற்பதில்லை. உங்கள் ரயில்வேக்காரர்கள் நம்மை மனிதராகவே எண்ணுவதில்லையா?" என்று கேட்டார்.

அப்பொழுது நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவர் 'எண்ணுவது' என்று சொன்னது மதிப்பதை. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் எனக்கோ அச்சொல் கணக்கையே நினைவூட்டிற்று. கணக்கு என்ற பொருளில் அவருக்கு விடை சொல்வதானால், "ஆம் ஐயா, நம்மை முழுவதும் எண்ணவில்லை, எண்ணுவதற்கு நாமும் பல சமயம் இடங்கொடுக்கவில்லை" என்றே சொல்லவேண்டும். இந்தத் திங்கள் இப்பகுதியில் அதைப் பற்றியே எழுத எண்ணுகிறேன். ரயில்வே சலுகைகளைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மசந்திரா என்று நாம் எழுதுவதைப் படிக்கும் குழந்தைகள் வானத்துச் சந்திரனை நினைத்துக்கொள்கின்றன. உண்மையில் அது 'ஸந்த்ர' என்னும் கன்னட ஈறு. 'சமுத்திரம்' என்பதன் திரிபு. சமுத்திரம் என்றால் இங்கே ஏரி. நம் அம்பாசமுத்திரத்தில் கடல் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் இங்கும். சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று இந்தப் பக்கத்தில் இப்படி எத்தனையோ ஊர்கள். ஏரியும் அதன் கீழே வயலுமாக இருந்த ஒரு சிற்றூர் என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனேகல் தாலுகாவில், ஓசூர் சாலை மேல், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டிச் சந்தாபுரத்துக்கு முன்னால் அது இருக்கிறது.

தொழிற்பேட்டை வந்தது, ஏரிக்கரை ஊர் மாறிற்று. 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் பொம்மசந்திராவுக்கு எழுதப்பட்டிருப்பவர்கள் 7,500-க்குச் சற்று மேற்பட்டவர்கள். பெரிய கிராமம் ஒன்றுக்கு உரிய தொகைதான் அது. இன்றோ ஒரு ஷிப்டு முடிந்து கதவுகள் திறக்கும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால், அந்தத் தொகை அரைமணியில் நம் கண்ணெதிரே நடந்து போய்விடுமோ என்று தோன்றும். தமிழர் மட்டுமா? ஒரியர், பீகாரிகள், அஸ்ஸாமியர், வங்காளிகள், வட கர்நாடகத்தார் என்று பல நாட்டு மக்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நிற்க. ஜனத்தொகைக் கணக்கு என்பதைத் தலைகளை எண்ணிக் கூட்டிப் போடும் வேலை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு வெளியிடுகிறார்கள். இந்தியாவின் கிராமங்கள் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். அவை ஒவ்வொன்றுக்கும் அக்கையேடுகளில் ஒரு வரி உண்டு. எத்தனை வீடு, எத்தனை பேர், பள்ளிக்கூடம் உண்டா, தபால் நிலையம் உண்டா, பஸ் வருகிறதா, ரயில் நிலையம் இருக்கிறதா என்று அந்த ஒரே வரியில் கட்டங்கட்டமாக எழுதியிருக்கும். இல்லாத வசதிக்கு நேரே, அது எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஒரு குறி. 2011-ஆம் ஆண்டுக் கையேட்டில் 5 கிலோமீட்டருக்குள் என்றால் ஒரு குறி, 5 முதல் 10 வரை என்றால் மற்றொன்று, 10-க்கு மேல் என்றால் மூன்றாவது. கணக்கெடுப்புத் துறையார் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். தம் சொந்த ஊரின் வரியை ஒருமுறை தேடிப் பார்க்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜாதகம் பார்ப்பது போல் இருக்கும்.

நான் பார்த்தேன். எங்கள் ஊர் மொரப்பூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆயிரம் பேர் இல்லாத ஊர். ரயில் நிலையத்துக்கு நேரே இரண்டாம் குறி போட்டிருந்தது. சிறுவயதில் அந்த இரண்டாம் குறியைக் காலால் நடந்து அளந்தவன் நான். என் தகப்பனார் தண்டவாள வேலையில் இருந்தார். அதிகாலையில் அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவர் புறப்படும்பொழுது நான் விழித்திருப்பேன்.

மொரப்பூர் என்றதும் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. பொம்மசந்திராவுக்கும் அதற்கும் உறவு உண்டு. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள ஒரு சிறு பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதுபோல ஒரு பாதை இருந்தது. யுத்த காலத்தில், 1941-இல், இரண்டையும் மூடிவிட்டார்கள். அதன்பின் 1960-களில் சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் பாதை வரும் வரையில் ஓசூர்ப் பக்கத்து மக்களுக்கு ரயில் என்பது பாட்டி சொல்லும் கதையாகவே இருந்தது. அந்த மீட்டர் பாதை 1990-களில் அகலப்பாதையாயிற்று. ஹீலலிகே நிலையம் இருப்பது அந்தப் பாதையில்தான். ரயில் மூடப்பட்ட அதே 1941 ஜனத்தொகைக் கணக்கு ஆண்டாகவும் இருந்தது. யுத்தத்தை முன்னிட்டு அக்கணக்கையும் சுருக்கிக்கொண்டார்கள். நம் ஜில்லாவுக்கு அந்த ஆண்டு வண்டியும் போயிற்று, கணக்கும் குறைந்தது.

தலைக்கணக்கு சாலையாகவும் வண்டியாகவும் மாறுவது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பு என்றால் எப்பருவத்துக்கும் ஏற்ற சாலைக்குத் தகுதியுண்டு. மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 250 பேர். அந்த 500-ஐயும் 250-ஐயும் எங்கிருந்து எடுத்தார்கள்? 2001-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து. சாலையில்லாத மலையூர்களில் நோயாளியைத் துணித் தொட்டிலில் கட்டித் தூக்கி வருவதை நாம் செய்தித்தாள்களில் படிக்கிறோம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைப் பெற்ற தாயே கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். ஊர் வரையில் வண்டி செல்லச் சாலை இல்லை. தலைக்கணக்கு ஒன்றே இத்தகைய ஊர்களுக்குத் தடை என்று சொல்லமாட்டேன். காட்டிலாகாவின் அனுமதி முதலிய வேறு சிக்கல்களும் உண்டு. ஆயினும் 490 பேர் என்று எழுதப்பட்ட ஊருக்கும் 510 பேர் என்று எழுதப்பட்ட ஊருக்கும் இடையே ஒரு சாலையே கிடக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டு பெப்ருவரியில் கணக்கெடுப்பு நடந்தபொழுது எனக்கு வயது இருபது. ரயில்வே வேலை கிடைப்பதற்கு முன், பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் உதவியாளனாக இருந்தேன். தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் நாங்கள் ஏழு பேர். மூன்று ஷிப்டுக்காரர்களானதால் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் படுத்ததில்லை. ஆகவே பாயும் நான்கே. கணக்கெடுக்க ஆசிரியர் ஒருவர் வந்த சமயம் விழித்திருந்தவர் யாருமில்லை. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "இரண்டு பையன்கள், தமிழ்நாட்டுக்காரர்கள், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழு பேரைக் குடிவைத்திருப்பதாகச் சொன்னால் வரி கூடும் என்று அவருக்குப் பயம். பிறகு அவரே இதைச் சாமர்த்தியமாக எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஊரில் என்ன நடந்தது? கணக்கெடுப்பவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபொழுது, "பெரியவன் பெங்களூரில் இருக்கிறான்" என்று என் தாயார் உள்ளதைச் சொன்னார். கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் ஒருவன் வீட்டில் இல்லையென்றால் அந்த வீட்டில் அவனை எழுதக்கூடாது என்பது விதி. அவன் இருக்கும் இடத்தில்தான் எழுதவேண்டும். அவர் விதிப்படி நடந்துகொண்டார். ஆக, எங்கள் அறையின் ஏழு பேரில் ஐவர் பொம்மசந்திராவிலும் இல்லை, பிறந்த ஊரிலும் இல்லை. அந்த ஐவரில் நானும் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். நூற்றிருபது கோடி என்று எழுதிய அந்தப் பெரிய கணக்கில் என் பெயருக்கு ஒரு கோடு விழவில்லை.

எங்கள் அறை ஒன்றுதானா அப்படி? ஓசூர் சாலையின் இருபுறமும் எத்தனை தகரக் கூரைகள்!

இன்னொரு செய்தி பலருக்கும் புதிதாயிருக்கும். வேலைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து வேலையிடம் எத்தனை கிலோமீட்டர், நடந்தா, சைக்கிளிலா, பஸ்ஸிலா, ரயிலிலா போகிறார் என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் கேட்டார்கள். ஒரு தொழிற்பேட்டையில் எவ்வளவு பேர் எவ்வளவு தூரம் கால்நடையாக வருகிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியவருவதற்கு அதைவிடச் சிறந்த வழி ஏது? ஷிப்டுக்குக் காலை 5 மணிக்கு இருட்டில் நடந்து போன நாங்கள் ஏழு பேரும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. எங்களுக்காக வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

இப்பொழுது மூத்த அன்பரின் கேள்விக்குத் திரும்புவோம். ரயில்வேயின் கணக்கு வேறு. அது டிக்கெட் கணக்கு. ஒரு நிலையத்தில் ஒரு வண்டியைப் புதிதாக நிறுத்தவேண்டுமானால் பெரும்பாலும் பரீட்சார்த்தமாகச் சில மாதங்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். அங்கே எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு வரவு என்று பார்த்து, நீட்டிப்பதா விடுவதா என்று முடிவு செய்வார்கள். ஒரு வண்டியை நிறுத்தி எடுப்பதில் நேரமும் மின்சாரமும் செலவாவதால் அவர்கள் அப்படிப் பார்ப்பதில் குற்றமில்லை. நாம் செய்வது என்ன? சனிக்கிழமை மாலை பொம்மசந்திராவிலிருந்து பஸ் ஏறி ஓசூருக்குப் போய் அங்கே டிக்கெட் வாங்குகிறோம். அல்லது நகரத்துக்குள் போய் மெஜஸ்டிக்கில் வாங்குகிறோம். வண்டி நிற்காததால் அப்படிப் போகிறோம் என்பது உண்மை. ஆனால் கணக்கு ஓசூரிலும் மெஜஸ்டிக்கிலும் ஏறுகிறது. ஹீலலிகேயின் ஏட்டில் காற்றுதான் வீசுகிறது. நிற்கும் வண்டிகளுக்காவது அங்கிருந்தே டிக்கெட் எடுத்தால் ஏட்டில் ஏதாவது விழும். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்களைப் பற்றிச் சங்க இதழில் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் தம்மையும் மறைத்து, பக்கத்தில் நிற்பவனின் வண்டியையும் மறைக்கிறார்கள் என்பதோடு விடுகிறேன்.

ஹீலலிகேக்கு நல்ல காலம் வரும் குறிகளும் உண்டு. பெங்களூர்ப் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தம் 148 கிலோமீட்டர், நான்கு பாதைகள். அவற்றில் ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரையில் செல்வதற்குக் 'கனக' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் குழந்தைகள் கல்லூரிக்குப் போகும் காலத்திலாவது அது ஓடும் என்று நம்புவோம். ரயில்வேக்காரனாகிய நான் தேதி சொல்லமாட்டேன்.

மெட்ரோ வந்துவிட்டதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் பிரதமர் மஞ்சள் பாதையைத் திறந்து வைத்தார். ஆர். வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையில் 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். தொடக்கத்தில் மூன்றே வண்டிகள். 25 நிமிஷத்துக்கு ஒன்று. பின்னர் வண்டிகள் வர வர இடைவெளி குறைந்தது. திறந்த புதிதில் என் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய வண்டி என்றதும் என் மகள் முதல் பெட்டியின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மத்திய பட்டுவாரியச் சந்திப்பில் மணிக்கணக்காகச் சிக்கிக்கொண்டு கிடந்த தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தபொழுது, இது நம் ஊருக்கு வந்ததா என்று கிள்ளிப் பார்த்துக்கொள்ளத் தோன்றிற்று.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஆர். வி. ரோடு வரையில் ஒரு வழிக்கு 60 ரூபாய். நாள்தோறும் போய்வரும் தினக்கூலிக்காரருக்கு அது சிறு தொகையன்று. இரண்டாவது, மெட்ரோ நகரத்தை நோக்கிச் செல்லும் வண்டி. நம்மவர் வாரக் கடைசியில் போகவேண்டிய திசை எதிர்த்திசை. பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரையில் அதை நீட்டவேண்டும் என்று தமிழ்நாட்டரசு முயன்றது; ஆராய்ச்சியும் நடந்தது. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தின் ஓரத்தில் ஓடும் மூன்றாம் கம்பியிலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது. இரண்டு முறைகளையும் ஒரே பாதையில் எப்படி இணைப்பது என்பது பெரிய தகராறு. அத்திப்பள்ளியில் மொழி மாறுவது போல மின்சாரமும் மாறவேண்டுமாம்!

தலைகளை எண்ணிவிட்டால் வண்டி தானே வந்து நிற்கும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு உயர்சாலை 2010-இல் வந்தது. அது கார் வைத்திருப்பவர்களின் தலைக்காக வந்ததே ஒழிய நம் தலைக்காக வந்ததன்று. ஜனத்தொகைக் கணக்கு பழசாகிக் கிடந்தபொழுதே மெட்ரோவும் வந்தது. பணமும் செல்வாக்கும் உள்ள இடத்துக்குக் கணக்கில்லாமலே சாலை வரும். அவை இரண்டும் இல்லாதவர்களுக்குக் கையில் காட்ட இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். அதையும் நாம் வாசலில் வைத்தே தொலைத்துவிடுகிறோம்.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்த கணக்கு, 2021-இல் கொரோனாவால் நின்றுபோயிற்று. இப்பொழுது 2026-ஆம் ஆண்டில் வீடுகளின் கணக்கும், 2027 பெப்ருவரியில் தலைக்கணக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. 2027 மார்ச் முதல் நாள்தான் ஆதார நாள். இம்முறை கைப்பேசி வழியாக நாமே நம் விவரத்தைப் பதியவும் வழி செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களைக் கொண்டே எழுதிக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கு இதில் இரண்டு அச்சங்கள் உண்டு. இங்கே பெயர் கொடுத்தால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடும், பொங்கல் பரிசு நின்றுவிடும் என்பது ஒன்று. அது வீண் அச்சம். 1948-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டப்படி தனி மனிதர் கொடுக்கும் விவரம் இரகசியம். கோர்ட்டில் சாட்சியமாகக்கூட அதைக் காட்ட முடியாது. மற்ற அச்சம் தாய்மொழிக் கட்டத்தைப் பற்றியது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் சிலர், "தமிழ் என்று எழுதி வைப்பானேன்?" என்கிறார்கள். அவர்கள் பட்டதை நான் படவில்லை. ஆகவே அவர்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் தமிழ் என்றே எழுதப்போகிறோம். என் மகள் பள்ளியில் கன்னடத்தில் முதலாவதாக வருகிறாள். தெரிந்த பிற மொழிகள் என்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் கன்னடமும் ஏறும்.

ஒண்டுக் குடித்தனமாக இருப்பவர்களும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் வீட்டுக்காரரை நம்பியிராமல், எத்தனை பேர் என்று தாமே எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் நல்லது. பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பாட்டி, நேற்றுப் பிறந்த குழந்தை எல்லாரும் ஒவ்வொரு தலைதான்.

இதையெல்லாம் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தாயாரிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பு எங்கள் ஊருக்கு நாளைக்கு நான்கு நடை வந்த பஸ் இப்பொழுது இரண்டே நடை வருகிறது, ஏற ஆளில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அப்படியானால் உன்னையும் உன் பெண்டு பிள்ளையையும் அங்கே எழுதிக்கொள்வாய். தம்பி திருப்பூரில் எழுதிக்கொள்வான். இங்கே என்னை ஒருத்தியைத்தான் எழுதுவார்கள், இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா" என்றேன்.

"காலை பஸ்ஸையும் நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறதே" என்றார்.